மூன்றாம் நாள் காவல்

மடத்தில் சீடராகச் சேர்ந்தபோது சூலபாணிக்கு வயது ஐம்பத்தைந்து. அதற்கு முன் இருபது வருஷம் ஒரு பாளையக்காரருக்கு ஒற்றராக இருந்தவர். அவர் வேலையை விட்டாரே தவிர, வேலை அவரை விடவில்லை. சோற்றை மோந்து பார்க்காமல் வாயில் வைக்க மாட்டார். யாராவது சும்மா நலம் விசாரித்தால்கூட, இவன் எதற்காக விசாரிக்கிறான் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருப்பார்.

குருவான வடிவம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். சூலபாணி அதையும் கொஞ்சநாள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

மடம் ஒரு குன்றின் மேல் இருந்தது. ஏறிவர அறுபது படி. அங்கே ஒரு வழக்கம் உண்டு. தை பிறந்தால் எல்லா முறையும் புதிதாகத் தொடங்கும். முதல் தேதியிலிருந்து நாளை எண்ணிக்கொண்டே போவார்கள். விளக்குக்கு எண்ணெய் நான்கு நாளைக்கு ஒருமுறை வரும். அடுப்புக்கு விறகு ஆறு நாளைக்கு ஒருமுறை. வாசல் காவலை மூன்று சீடர்களும் ஆளுக்கொரு நாளாகப் பார்ப்பார்கள். சூலபாணிக்கு விழுந்தது மூன்றாவது நாள். மூன்று, ஆறு, ஒன்பது என்று அவர் முறை போகும். காவல் இல்லாத நாளில் யாரும் வாசல் பக்கம் தலைகாட்டக் கூடாது. பின்பக்கம் தோட்ட வேலை இருக்கும், தியானம் இருக்கும்.

எண்ணெய் கொண்டுவருபவள் பேச்சி. புருஷனைப் பறிகொடுத்தவள். அந்த எண்ணெய்க்கு மடம் அளக்கும் நெல்லில்தான் அவளும் அவள் மாமியாரும் கஞ்சி குடித்தார்கள். விறகு கொண்டுவருபவன் கொம்பையா. கல்யாணம் ஆகாதவன்.

தை பிறந்து முப்பத்தாறாம் நாள் சாயங்காலம், சூலபாணி ஓர் ஓலையை மடியில் செருகிக்கொண்டு வடிவம்மையிடம் வந்தார். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, தனியா ஒரு சேதி."

"சொல்லும்."

"எண்ணெய்க்காரிக்கும் விறகுக்காரனுக்கும் தொடுப்பு இருக்கு."

வடிவம்மையின் கை நிற்கவில்லை. "எதை வச்சுச் சொல்லுதீரு?"

"எல்லாம் குறிச்சு வச்சிருக்கேன். என் காவல்ல அவ மூணு தடவ வந்தா. மூணு தடவையும் அவன் இருந்தான். அவன் இல்லாம அவ வந்ததா ஒரு நாள்கூட இல்ல."

"அவன்?"

"ஆறு தடவ வந்தான். மூணு தடவ தனியா. தனியா வந்தா கட்டையப் போட்டுட்டு விறுவிறுன்னு எறங்கிருதான். அவ வந்த நாள்ல மட்டும் நின்னு குடத்த எறக்கி வைக்கான். அவ தண்ணி மோந்து குடுக்கா. சிரிப்பு வேற."

"எண்ணெய் நாலு நாளைக்கு ஒரு தடவ வருதே. மத்த நாள்ல யாரு கொண்டுவாரா?"

"மாமியாள அனுப்புவா. வேற எப்படி?"

"பாத்தீரா?"

"இதுக்குப் பாக்கணுமாம்மா? இருபது வருஷம் இதே பொழப்பா இருந்தவன் நான்."

"அந்த நாள்ல காவல் நின்னவங்களக் கேட்டிருக்கலாமே."

சூலபாணி குரலைத் தாழ்த்தினார். "கேட்டா உஷாராயிருவாங்க. அவங்களும் உடந்தையோ என்னவோ."

வடிவம்மை ஒரு காம்பைக் கிள்ளி எறிந்தார். "இப்ப என்ன செய்யணும்ங்கீரு?"

"அவள வர வேண்டாம்னு சொல்லிரணும். மடத்துப் பேரு கெட்டுப்போகும்."

"அவளுக்கும் பேருன்னு ஒண்ணு இருக்குமே."

சூலபாணிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அம்மையே அவளுக்குப் பரிந்து பேசுகிறாரே, என்ன சங்கதி என்று யோசித்தபடி போய்ப் படுத்தார்.

மறுநாள் காலையில் வடிவம்மை மூன்று சட்டிகளை அவர் முன்னால் வைத்தார். ஒன்றில் சுண்ணாம்பு, ஒன்றில் காவி, ஒன்றில் கரைத்த கரி.

"கீழ்ப்படியில இருந்து எண்ணிக்கிட்டே வாரும். நாலு, எட்டு, பன்னெண்டுன்னு நாலோட மடங்கு வார படிக்கெல்லாம் சுண்ணாம்பு. ஆறோட மடங்குக்குக் காவி. மூணோட மடங்குக்குக் கரி. ஒரே படியில ரெண்டு மூணு சேந்து வந்தா பக்கத்துல பக்கத்துல கோடு போடும்."

இது தண்டனையா, இல்லை யாருக்காவது அடையாளம் காட்டவா என்று சூலபாணிக்குப் புரியவில்லை. குருவைக் கேட்க முடியாது. கோடு போட்டார். நாலாம் வாய்ப்பாட்டை ஒருமுறை, ஆறாம் வாய்ப்பாட்டை ஒருமுறை, மூன்றாம் வாய்ப்பாட்டை ஒருமுறை முணுமுணுத்துக்கொண்டே மூன்று தடவை ஏறினார்.

மேலே வடிவம்மை காத்திருந்தார். "இப்ப கரிக்கோடு உள்ள படியில மட்டும் கால வச்சு எறங்கும். கால் நிக்கிற படியத் தவிர வேற எதையும் பாக்கக் கூடாது. நானும் கூட வாரேன்."

சூலபாணி குனிந்த தலை நிமிராமல் இறங்கினார்.

"சுண்ணாம்பு வந்தா சொல்லும்."

"இந்தா, அறுபதாம் படியில இருக்கு."

"அதுல காவி?"

"அதுவும் இருக்கு."

பிறகு பல படி சுண்ணாம்பு இல்லை. நாற்பத்தெட்டில் சுண்ணாம்பு வந்தது, காவியும் இருந்தது. முப்பத்தாறிலும் அப்படியே. இருபத்துநாலிலும் பன்னிரண்டிலும் அப்படியே. தரைக்கு வந்ததும் வடிவம்மை கேட்டார்.

"காவி இல்லாத சுண்ணாம்பு எங்கயாவது உண்டா?"

"ஒண்ணுகூட இல்ல. சுண்ணாம்பு இருந்தா பக்கத்துலயே காவியும் இருக்கு."

"நல்லாப் பாத்தீரா?"

"என் கண்ணு தப்பாதும்மா."

"இப்பத் திரும்பி மேல பாரும்."

சூலபாணி நிமிர்ந்து பார்த்தார். நாலாம் படியில் சுண்ணாம்பு தனியாக இருந்தது. எட்டாம் படியிலும் தனியாக இருந்தது. பதினாறு, இருபது, இருபத்தெட்டு என்று மேலே போகப் போக வெள்ளைக் கோடு தன்னந்தனியாக நின்றது. எண்ணிப் பார்த்தார். காவி இல்லாத சுண்ணாம்புப் படி பத்து. அத்தனையும் அவர் கையால் அவரே போட்டது.

"இதையெல்லாம் உமக்குத் தெரியாம மறைச்சு வச்சது யாரு?"

அவர் ஒற்றர் அல்லவா, புத்தி சட்டென்று ஓடியது. எண்ணெய் நாலு. விறகு ஆறு. கரி போட்ட மூன்று யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் காதுமடல் சூடாயிற்று.

ஆனாலும் அவ்வளவு சுலபத்தில் விட்டுவிட மனசு வரவில்லை.

"படிக்கு மனசு இல்லம்மா. மனுசனுக்கு இருக்கு. பன்னெண்டாம் நாள் சேந்து வருவோம்னு தெரிஞ்சேகூட வரலாம்ல?"

"மனசு இருந்தா பன்னெண்டு நாள் பொறுத்திருப்பாங்களா? ஒரு அஞ்சாம் நாள், ஒரு ஏழாம் நாள் ஏறி வந்திருக்க மாட்டாங்களா? மத்த ரெண்டு பேரையும் நேத்தே கேட்டுட்டேன். அவ நாலோட மடங்கு தப்பி வரல. அவன் ஆறோட மடங்கு தப்பி வரல."

"அந்தக் குடத்த எறக்கி வச்சது?"

"மத்த நாள்ல காவல் நிக்கிறவரு எறக்கி வைக்காரு. உம்ம நாள்ல நீரு ஓலையும் எழுத்தாணியுமா நின்னீரு. அதனால அவன் எறக்கினான்."

சூலபாணி கையில் ஒட்டியிருந்த கரியை வேட்டியில் துடைத்தார்.

"நாப்பதாம் நாள் உம்ம முறை இல்ல. இருந்தாலும் வாசல்ல நில்லும். நாப்பது நாலோட மடங்கு, ஆறோட மடங்கு இல்ல. பேச்சி தனியா வருவா. கண்ணால பாத்துக்கிடும்."

நாற்பதாம் நாள் விடிந்ததும் சூலபாணி வாசலுக்குப் போய்விட்டார். இந்தத் தடவை ஓலை கொண்டுபோகவில்லை. குடத்தைத் தானே இறக்கி வைக்க வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டார்.

பேச்சி வரவில்லை.

வெயில் ஏறியது. படியெல்லாம் சுட ஆரம்பித்தது. அப்போதும் வரவில்லை. சூலபாணியின் உள்ளே பழைய ஆள் மெல்லக் கண் விழித்தார். இன்றைக்குக் கொம்பையா வர மாட்டான், இவளும் வரவில்லை. அம்மைக்கு என்ன தெரியும், கோடு போடுவதும் மனுஷரை எடைபோடுவதும் ஒன்றா? தான் நினைத்ததுதான் சரியோ என்று தோன்றியபோது அவருக்கு மனசு குளிர்ந்தது. சொல்ல வெட்கம்தான், ஆனாலும் குளிர்ந்தது.

உச்சிப்பொழுதில் ஒரு கிழவி எண்ணெய்க் குடத்தோடு படி ஏறி வந்தாள். நாலு படிக்கு ஒருதடவை நின்று மூச்சு வாங்கினாள். பேச்சியின் மாமியார். தான் சொன்னபடியே மாமியாரை அனுப்பியிருக்கிறாள் என்று சூலபாணி நினைத்தார்.

"ஒம் மருமக எங்க?" என்றார். குரலில் பழைய அதிகாரம் வந்திருந்தது.

கிழவி குடத்தோடு நின்றாள். "அவ இனிமே இந்தப் படி மிதிக்க மாட்டா சாமி."

"ஏன்?"

"ஊரே பேசுதே, உங்களுக்குத் தெரியாதா? அவளையும் அந்த விறகுக்காரப் பயலையும் சேத்து வச்சுப் பேசுதாவ. கெணத்தடிக்குப் போனா எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்காளுவ. மூணு நாளா வீட்ட விட்டு வெளிய வரல. சோறும் திங்கல. இத்தன நாளும் அவதான் சொமந்தா. இன்னைக்குத்தான் சாமி நான் மொதமொதல்ல இந்த மலை ஏறுதேன்."

சூலபாணி குடத்தை வாங்கி இறக்கினார். எண்ணெய் கொஞ்சம் அவர் காலிலேயே சிந்தியது. கிழவி நெல்லை வாங்கிக்கொண்டு இறங்கிப் போகும்வரை அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு வடிவம்மையிடம் போனார். நடந்ததைச் சொன்னார். ஒற்று வேலையில் எத்தனையோ கெட்ட சேதிகளைக் குரல் மாறாமல் சொன்னவர், இதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று இடத்தில் நின்றார்.

வடிவம்மை கேட்டார்.

"நீரு யாருகிட்டச் சொன்னீரு?"

"அன்னைக்கு ஒங்ககிட்ட வாரதுக்கு முந்தி, வாசலுக்கு வந்த... ஊர்த் தலையாரிகிட்ட."

"வேற?"

"வேற யாருகிட்டயும் இல்ல. அவருகிட்டயும், வெளிய விடாதேயும்னு சொல்லித்தாம்மா சொன்னேன். சத்தியமா ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்."

"ஒருத்தர்கிட்ட."

"ஒரே ஒருத்தர்கிட்ட."

வடிவம்மை அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நாலோட மடங்குல சேராத எண் எத்தனையோ இருக்கு. ஆறோட மடங்குலயும் சேராதது இருக்கு. ஒண்ணோட மடங்குக்குத் தப்பின எண் எது, சொல்லும் சூலபாணி."