ஆசானின் கஷாயமும் வெறும் தண்ணீரும்

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் ரெஜினா டீச்சருக்கு ஒரு மாணவர் இருந்தார். பெயர் தாணுமாலயன். வயது ஐம்பத்தெட்டு, டீச்சரைவிட இருபது வயது மூத்தவர். முப்பது வருடம் நாடி பிடித்த வைத்தியர். தான் காய்ச்சும் கஷாயம் மனிதச் செல்லுக்கு ஏதும் கெடுதல் செய்கிறதா என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று தானாக வந்து சேர்ந்தவர்.

வைத்தியரை ஆசான் என்று அழைக்கும் ஊர் வழக்கப்படி டீச்சர் அவரை ஆசானே என்றுதான் கூப்பிடுவார். யாருக்கு யார் குரு என்று பார்க்கிறவர்கள் குழம்புவார்கள். அவர்கள் இருவரும் குழம்பியதில்லை.

மூன்றாவது மாதம் ஒரு காலையில் ஆசான் மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை. செத்த செல்லுக்குள் மட்டும் ஏறும் நீலச் சாயத்தை விட்டுப் பார்த்திருந்தார். தட்டு முழுக்க நீலம். அதில் வளர்த்த மனிதக் கல்லீரல் செல்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

எப்படி ஊற்றினீர்கள் என்று டீச்சர் விசாரித்தார். செல்கள் வாழும் சத்துநீரை வடித்துவிட்டு, அந்த இடத்தில் முழுக்கக் கஷாயத்தையே ஊற்றியதாக ஆசான் சொன்னார். மருந்தை நீர்க்க விட்டுக் கொடுத்து அவருக்குப் பழக்கமில்லை.

பிறகு மெல்லக் கேட்டார்.

"டீச்சர், பகவதி முட்டுவலிக்கு ஆறு வருஷமா இதைத்தான் குடிக்கா. என் கையாலதான் காய்ச்சிக் கொடுக்கேன். கட்டினவளுக்கு நான் விஷத்தையா கொடுத்தேன்?"

டீச்சருக்குப் பாவமாக இருந்தது.  உயிருள்ள செல்கள் இருந்த புதுத் தட்டு ஒன்றை எடுத்துச் சத்துநீரை வடித்தார். ஆசான் கஷாயம் காய்ச்சப் பயன்படுத்திய அதே சுத்தத் தண்ணீரை, மருந்து எதுவும் சேர்க்காமல், அதே அளவு ஊற்றினார். சாப்பிட்டுவிட்டு வந்து பாருங்கள் என்றார்.

ஆசானுக்குச் சோறு இறங்கவில்லை. பாதியில் எழுந்து வந்து சாயத்தை விட்டுப் பார்த்தார். தட்டு முழுக்க நீலம்.

"தண்ணியுமா கொல்லும்?"

"உப்பும் சத்தும் இல்லாத வெறும் தண்ணி இதுகளுக்கு ஆகாது. ஊதி வெடிச்சிரும்."

ஆசானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடனே போனை எடுத்தார். மருந்தில் ஒரு குற்றமும் இல்லை, நாளைக்கும் தைரியமாகக் குடி என்று மனைவியிடம் சொல்லிவிடத் துடித்தார். டீச்சர் அந்தப் போனை வாங்கி மேசைமேல் வைத்து, அதன்மேல் கையை வைத்தார்.

"ஆசானே, தண்ணி ஊத்தினதுல என்ன தெரிஞ்சுது?"

"என் கஷாயம் கொல்லலைன்னு."

"அப்படியா தெரிஞ்சுது?"

ஆசான் இரண்டு தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். நோயாளியிடம் பொய் சொல்லிப் பழகாதவர். தனக்கே சொல்லிக்கொள்ளவும் வரவில்லை.

"கொன்னது கஷாயமா தண்ணியான்னு தெரியல," என்றார்.

டீச்சர் தலையாட்டினார். இனி கஷாயத்தை வற்றவைத்துப் பொடியாக்கி, சத்துநீரிலேயே கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்க்க வேண்டும், பக்கத்தில் மருந்து சேராத தட்டு ஒன்றும் எப்போதும் இருக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். எப்படியும் பத்து நாள் ஆகும்.

ஆசான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"இத்தனை வருஷத்துல ஏன் எதுக்குன்னு அவ ஒரு வார்த்தை கேட்டதில்ல, டீச்சர். நாளைக்குக் காலையில டம்ளரை நீட்டுவா. நிறுத்துன்னு சொன்னா, என்மேல வச்ச நம்பிக்கை போயிராதா?"

டீச்சர் கையை எடுத்து, போனை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஆறு வருஷமா உங்களை நம்பிக் குடிச்சாங்க. இனி பத்து நாள் உங்களை நம்பிக் குடிக்காம இருக்கட்டும், ஆசானே."