ஈசான மூலைச் சோளம்

சங்கிலியின் புஞ்சையில் சோளம் இரண்டு வருஷமாகக் கெட்டது. மழை பெய்தும் கெட்டது.

கெடுத்தது சுடுமல்லி. சாண் உயரம், வெள்ளைப் பூ. பார்த்தால் சாதுவான களை. அது முளைத்த இடத்தில் சோளம் தீயில் காட்டின மாதிரி சுருண்டுபோகும். கூடை கூடையாகப் பிடுங்கிப் போட்டான். பிடுங்கப் பிடுங்க வந்தது. இந்த வருஷமும் வந்துவிட்டது.

தையில் மாட்டை விற்றுவிட்டுப் பெண்டாட்டி மாடத்தியோடு செங்கல் சூளைக்குப் போவதென்று முடிவு செய்தான். சூளைக்குப் போனவர் யாரும் அந்த ஊருக்குத் திரும்பி வந்து ஏர் பிடித்ததில்லை.

போகுமுன் தன் குருவான சாமியிடம் சொல்லிக்கொள்ளப் போனான். மலையடிவாரத்தில் அவருக்கு ஒரு குடிசை. குருவைவிடச் சீடனுக்கு இருபது வயது கூட. அதை இரண்டு பேருமே பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

“சாமி, நீங்க சொன்னபடிதான் நடந்தேன். எனக்கு ஏன் இப்படி?”

“என்ன சொன்னேன்?”

“ஒண்ணைப் பிடி, மத்ததை விடுன்னு சொன்னீங்க.”

“விட்டீரா?”

“விட்டேன் சாமி. சோளத்தோட கலந்து விதைக்கிற தட்டைப்பயறைக்கூட விட்டுட்டேன். புஞ்சை முழுக்கச் சோளம் ஒண்ணுதான்.”

சாமி தலையில் அடித்துக்கொண்டார்.

“மனசுக்குச் சொன்னேன்வே. புஞ்சைக்கா சொன்னேன்?”

சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“எழும்பும். புஞ்சையைக் காட்டும்.”

புஞ்சையில் மாடத்தி களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். சாமி மண்வெட்டியை வாங்கினார். கருகிய சோளம் ஒன்றை வேரோடு தோண்டி, அவள் குடிக்க வைத்திருந்த தண்ணீரிலேயே அலசினார். சோள வேரில் சுடுமல்லியின் வேர் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

“நீர் மேல பிடுங்குறீர். இது கீழேல்லா குடிக்குது.”

சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். ஈசான மூலையில் ஒரு களத்தளவு சோளம் மட்டும் பச்சையாக நின்றது.

“அது என்ன?”

“அங்கே மாடன் கல் இருக்கு சாமி. மாடன் காப்பாத்துறான்.”

“கிட்டப் போய்ப் பார்த்தீரா?”

“இல்லை. அந்தப் பக்கம் ஆம்பளை காலு படக்கூடாதுன்னு மாடத்தி சொல்லுவா.”

மாடத்தி சட்டென்று குனிந்து களையைப் பிடுங்க ஆரம்பித்தாள்.

சாமி போய்ச் சோளத்தட்டையை விலக்கினார். அடியில் தட்டைப்பயறு கொடியோடிக் கிடந்தது.

“இதை மாடனா விதைச்சான்?”

“நான்தான் சாமி. இவுக வேண்டாம்னாக. பயறு இல்லாம குழம்புக்கு நான் எங்க போவேன்? ஒண்ணைப் பிடிக்கச் சொன்ன நீங்களா வந்து சோத்துல ஊத்துவீங்க?”

“ஏளா! சாமிகிட்ட என்ன பேச்சு?”

“நீர் சும்மா இரும்,” என்றார் சாமி. அங்கேயும் ஒரு சோளத்தைத் தோண்டி அலசினார். வேர் சுத்தமாக இருந்தது.

“சுடுமல்லி விதை மண்ணுக்குள்ள தூங்கும். வேர் வாடை பட்டாத்தான் முழிக்கும். பயறு வேரும் அதை எழுப்பிவிடுது. ஆனா ஒட்டிக்க இடம் கொடுக்காது. முழிச்சது பட்டினி கிடந்து சாகுது.”

சங்கிலி யோசித்தான்.

“அப்ப பயறு அதை ஏமாத்துதா சாமி?”

“ஆமா.”

“பாவமில்லையா?”

“சோளத்தைக் கேளும்.”

மாடு விற்பது நின்றது. மூலையில் விளைந்த சோளத்தை வைத்து அரைவயிறும் கால்வயிறுமாக அந்த வருஷத்தை ஓட்டினார்கள். பயறு மொத்தமும் விதைக்குப் போனது. மாடத்தி புளியைக் கரைத்துக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வைத்தாள். கூடவே நாலு ஏச்சும் வைத்தாள்.

அடுத்த மழைக்குச் சோளமும் பயறும் கலந்து விதைத்தார்கள்.

சுடுமல்லி ஒரேயடியாகப் போய்விடவில்லை. அங்கங்கே தலைகாட்டியது. கையால் பிடுங்கித் தீர்க்கிற அளவுதான். சோளம் ஆள் மறையும் உயரத்துக்கு வந்து, கதிர் கனத்துச் சாய்ந்தது. சங்கிலி வரப்பில் உட்கார்ந்து காலை நீட்டினான். மூன்று வருஷமாக அவன் அப்படி உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான்.

முதல் கதிர்க்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு குடிசைக்குப் போனான். சாமியின் காலடியில் இறக்கினான்.

“சூளைக்குப் போகலை சாமி. எல்லாம் குருவருள்.”

சாமி கட்டைத் தூக்கித் திரும்பவும் அவன் தலையிலேயே வைத்தார்.

“என் பேச்சைக் கேட்டுத்தானேவே புஞ்சை கெட்டது? இதை உம்ம குருகிட்டக் கொண்டுபோம்.”

“நீங்கதானே சாமி என் குரு? வேற யாரு?”

“வீட்டுல குழம்பு வச்சுக்கிட்டு இருப்பா. மாடத்தி.”