இரும்புப் பெட்டியில் ஒரு பட்டம்

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் முத்துப்பேச்சி என்றொருத்தி படித்தாள். வருகைப் பதிவேட்டில்தான் அந்தப் பெயர். விடுதியில் அவள் மித்ரா. அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் ‘பிசினஸ்’ என்பாள். அவர் தீப்பெட்டிக் கம்பெனியில் பண்டல் சுமக்கிறவர்.

அறைத்தோழி காளியம்மாள் நேர்மாறு. “எங்கய்யா ஆடு மேய்க்காரு. எங்க வீட்டுக்கு மொத பட்டதாரி நாந்தான்” என்று முதல் நாளே வகுப்பில் எழுந்து சொன்னாள். கைதட்டல் அதிர்ந்தது. தான் மூடி மூடி வைப்பதை இவள் மாலையாகப் போட்டுக்கொண்டு திரிகிறாளே என்று முத்துப்பேச்சிக்கு வயிறு எரிந்தது. மூன்று வருடமும் அந்த எரிச்சல் தணியவில்லை.

கடைசி வருடம் பங்குனிப் பொங்கலுக்குக் காளியம்மாள் அவளைத் தன் ஊருக்குக் கூட்டிப்போனாள். கட்டிக்கொடுத்த அக்கா மாடத்தியும் வந்திருந்தாள். யாருமில்லாத நேரத்தில் மாடத்தி இரும்புப் பெட்டியைத் திறந்து, சேலைக்கடியிலிருந்து ஒரு பட்டச் சான்றிதழை எடுத்தாள்.

“தபால்ல படிச்சேம்மா, பி.ஏ. எங்க வீட்டுக்காரர் பத்தாவது. பன்னெண்டுதான் படிச்சிருக்கேன்னு சொல்லிக் கட்டிக்குடுத்துட்டாங்க. காலேஜ்ல படிக்கிற பொண்ணு, உங்கிட்டயாவது காட்டணும்னு தோணுச்சு. வெளிய சொல்லிராத.”

விடுதிக்குத் திரும்பிய வாரமே பேராசிரியை ஜெசிந்தா அறிவித்தார்: பெற்றோர் விழாவில் வீட்டின் முதல் பட்டதாரியாகக் காளியம்மாள் பேசுவாள்.

மறுநாள் காலை முத்துப்பேச்சி துறை அறைக்குப் போய்ச் சான்றிதழைப் பற்றிச் சொல்லிவிட்டாள்.

பேராசிரியை அவளை வைத்துக்கொண்டே காளியம்மாளை அழைத்துக் கேட்டார். “நெசந்தான் மேடம். அக்கா படிச்சது தெரிஞ்சா அவ மாமியார் வீட்டுல நிம்மதியா இருக்க விடமாட்டாங்க. அதான் நான் முதல்னு சொன்னேன்” என்றாள் அவள். பிறகு முத்துப்பேச்சியைப் பார்த்து, “நீயே பேசுட்டி” என்று மட்டும் சொன்னாள். விஷயம் இந்த அறையோடு நிற்கட்டும் என்றார் பேராசிரியை.

விழாவில் தன் வீட்டின் முதல் பட்டதாரியாக முத்துப்பேச்சி மேடையேறினாள். சுமைதூக்கும் அப்பாவைப் பற்றி முதல் தடவையாக வாய்விட்டுப் பேசினாள். அரங்கமே கைதட்டியது. இரண்டாம் வரிசையில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாடத்தியும், ஒன்றும் அறியாமல், கை சிவக்கத் தட்டினாள்.

அக்காவுக்காகப் பொய் சொன்னாள் ஒருத்தி. பொறாமையில் உண்மை சொன்னாள் இன்னொருத்தி. கதை கேட்டவர்களே, யார் பிழை பெரிது?

விடை: அக்கா கேட்டது மௌனத்தை, மேடையை அல்ல. தானே முதல் என்று சொல்லிக்கொள்ளாமல் இருந்திருந்தாலே போதும். அவ்வளவு காளியம்மாளின் பிழை. முத்துப்பேச்சியின் பிழைதான் பெரிது. அவள் சொன்னது உண்மையே. ஆனால் அது நம்பிக் காட்டியவளுக்குச் சொந்தமானது. தன் உண்மையைச் சொல்ல மூன்று வருடம் கூசியவள், மாடத்தியின் உண்மையை ஒரே காலையில் சொல்லிவிட்டாள்.