இசக்கி கை செவந்த கதை

ஒரு ஊர்ல ஒரு டீச்சர் இருந்தா. ரோஸ்லின் டீச்சர்னு பேரு. ஏட்டி சுடர், ம் கொட்டணும். கொட்டலன்னா அத்த பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவேன். ம்? ஆங், அப்பிடி.

அது சின்ன ஊருதான். ஊர்க்கடைசில ஒரு சுண்ணாம்பு சுடுற காளவாசல், அதுல எந்நேரமும் பொகை. ஊருக்கு நடுவுல ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம், அதுல மூணாங்கிளாஸுக்கு நம்ம டீச்சர். அவ புஸ்தகத்துல இருக்கத வாசிச்சுக்காட்டிட்டு நாற்காலில சாயுற ஆளு கெடையாது. எதுன்னாலும் கையால செஞ்சுதான் காட்டுவா.

ஒருநா எலுமிச்சம்பழச் சாத்துல குச்சியத் தொட்டு வெள்ளத் தாள்ல எழுதுனா. காஞ்சதும் ஒண்ணுந் தெரியல. அப்புறம் மெழுகுவர்த்திக்கு மேல அந்தத் தாள லேசாக் காட்டுனா, எழுத்து ஒவ்வொண்ணா பழுப்பா வெளிய வருது. பிள்ளைங்கல்லாம் ஆன்னு வாயப் பொளந்துட்டு நிக்குது. மறுநா செம்பருத்திப் பூவ வெந்நீர்ல ஊறப்போட்டு, அந்தத் தண்ணில ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழம் புழிஞ்சா. பளிச்சுன்னு செவந்துட்டு. இன்னொரு தம்ளர்ல துளி ஆப்பசோடாவப் போட்டா, அது பச்சையாப் போச்சு. "டீச்சருக்குத் தெரியாததே கெடையாதுல"ன்னு பிள்ளைங்க வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லுது. அது டீச்சர் காதுலயும் விழுந்துச்சு. விழுந்ததும் தலை கொஞ்சம் கனத்துட்டு அவளுக்கு. யாருக்குத்தான் கனக்காது, சொல்லு.

அப்புறம் வெள்ளிக்கெழம வந்துச்சு. அன்னைக்கு பலூன் சோதனை. ஒரு பாட்டில்ல வினிகர ஊத்தி, பலூனுக்குள்ள ஆப்பசோடாவப் போட்டு, பாட்டில் வாயில மாட்டிக் கவுத்தா, உள்ள நொரைச்சுக்கிட்டு பலூன் புஸ்ஸ்ஸ்னு தானா ஊதும். யாரும் வாய வைக்கவேண்டாம். நாலு நாளா இதச் சொல்லிச் சொல்லியே பிள்ளைங்களத் தூங்கவிடாமப் பண்ணிட்டா. எல்லாம் தயாரா மேசைல இருக்கு. பலூன் பாக்கெட்ட மட்டும் காணோம்.

மேசைக்கு அடில பாத்தா. அலமாரில பாத்தா. பையக் கொட்டிப் பாத்தா. எங்கயும் இல்ல. நாப்பது பிள்ளைங்களும் அவ மூஞ்சியையே பாக்குது. டீச்சருக்கு வந்துச்சே கோவம். "நேத்து சாயங்காலம் இங்கதான் வச்சேன். எடுத்தது யாரு"ன்னு கேட்டா. பிள்ளைங்க ஒண்ண ஒண்ணு திரும்பிப் பாக்குது.

ம் எங்க? ம்.

அப்போ அவளுக்கு ஒரு யோசனை வந்துச்சு, வந்திருக்கவே கூடாது. மறுவாரப் பாடத்துக்குன்னு மஞ்சத்தூளக் கரைச்சு, தாள முக்கி, கயித்துல காயப்போட்டிருந்தா. மஞ்சத் தாள்ல சோப்புத் தண்ணி பட்டா செவக்கும், தெரியும்லா உனக்கு? நீ ஒங்க அம்மா சேலைல மஞ்சக்கறைய சோப்புப் போட்டுச் செவப்பாக்குன ஆளுதானே. ஆனா அந்தப் பிள்ளைங்களுக்கு அது தெரியாது, அந்தப் பாடம் இன்னும் நடக்கலல்லா. டீச்சர் அந்தத் தாள எல்லாம் உருவி எடுத்தா. "இது திருடனக் கண்டுபிடிக்கிற தாளு. எல்லாரும் கையத் தண்ணில நனைச்சுட்டு வந்து இதுல வையுங்க. எடுத்த கைன்னா செவந்துரும்"னு சொல்லிட்டா.

அவ கணக்கு என்னன்னா, வெறுந் தண்ணிக்குச் செவக்காது, ஒருத்தர் கையும் செவக்கப்போறதில்ல, எடுத்தவன் மட்டும் பயந்துபோய் கிட்ட வராம நிப்பான், அமுக்கிரலாம். பொய்தான். பிள்ளைங்கட்ட சின்னதா ஒரு பொய் சொன்னா என்ன குடி முழுகிறப்போவுதுன்னு நெனச்சுட்டா.

வரிசையா வந்துச்சு பிள்ளைங்க. மொதப் பையன் கைய வச்சான், தாள் மஞ்சளாவே இருந்துச்சு. அடுத்த பிள்ள, மஞ்சள். அடுத்தது, மஞ்சள். ஒவ்வொண்ணும் கைய எடுத்துப் பாத்துட்டு அப்பாடான்னு போவுது. அப்போ இசக்கி வந்தா.

இசக்கின்னா காளவாசல்ல வேலபாக்குற சொடலமுத்து மக. தாய் இல்லாத பிள்ள. காலைல எந்திரிச்சு அப்பனுக்குச் சுண்ணாம்பு மூட்ட புடிச்சுக் குடுத்துட்டு, கைய ஒரு முக்கு முக்கிட்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடியாரும். அவதான் மொத ஆளா வந்து, சோதனைக்குத் தம்ளர் கழுவி வைக்கிறவ. டீச்சர் மேல உசுரு. அவ ஒரு பயமும் இல்லாம, சிரிச்சுக்கிட்டே வந்து கையத் தாள்ல வச்சா.

எடுத்தா பாரு, தாள்ல அஞ்சு விரலும் அப்பிடியே செக்கச்செவேல்னு.

செவப்பப் பாத்த அந்த நிமிசமே டீச்சருக்குப் புரிஞ்சுபோச்சு. நகத்துக்குள்ளயும் கைவெடிப்புலயும் இருக்க சுண்ணாம்பு, சோப்பு மாதிரி அதுவும் மஞ்சளச் செவப்பாக்கும், அது அவளுக்குத் தெரியாததா? வாய் வரைக்கும் வந்துட்டு. "ஏ, இது சுண்ணாம்புட்டி"ன்னு ஒரு வார்த்தை. ஆனா அதச் சொன்னா, அப்போ இது திருடன் தாள் இல்லியா டீச்சர்னு ஒரு பய கேப்பான். பொய்யா சொன்னியன்னு இன்னொருத்தன் கேப்பான். தெரியாததே கெடையாதுன்னு சொன்ன வாயெல்லாம் சிரிக்கும். அந்த யோசனை ஓடி முடியுறதுக்குள்ள, பின்னால இருந்து ஒரு பய "இசக்கிதான் திருடி"ன்னான். எல்லாம் சேந்து கத்துச்சு. இசக்கி டீச்சர் மூஞ்சியப் பாத்துச்சு. டீச்சர் சொவத்தப் பாத்தா.

அவ்வளவுதான் அவ செஞ்சது. ஒரு வார்த்தையும் சொல்லல. "சரி சரி, எடத்துல போய் உக்காருங்க"ன்னு மட்டும் சொன்னா. இசக்கி போய் உக்காந்துச்சு, பக்கத்துல இருந்தவ பைய எடுத்துக்கிட்டு தள்ளிப் போய்ட்டா.

ம். அழாத. அழுதா நிப்பாட்டிருவேன். ம்?

சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போய் சோத்துப் பாத்திரத்தக் கழுவலாம்னு கூடையத் தொறந்தா, டப்பாவுக்கு அடில பலூன் பாக்கெட்டு. வியாழக்கெழம சாயங்காலம், பிள்ளைங்க எடுத்துரும்னு இவளே பத்திரமா உள்ள வச்சிருக்கா. வச்சவளுக்கு ஞாபகம் இல்ல. அப்பிடியே அடுப்படித் தரைல உக்காந்துட்டா. அவமானம்னா அவமானம், சுட்டுத் தின்னுட்டு அவள. ரெண்டு நாளு லீவு. ரெண்டு நாளும் சோறு எறங்கல.

அப்புறம் திங்கக்கெழம. இசக்கி வரல. டீச்சர் மேசைக்கு முன்னால நின்னுக்கிட்டு, "பிள்ளைகளா, பலூன் கெடச்சிட்டு, இங்கதான் எங்கனயோ கெடந்துச்சு, யாரும் எடுக்கல"ன்னா. பாரு, இங்கதான் எங்கனயோவாம். என் கூடைல இருந்துச்சுன்னு சொல்ல நாக்கு வரல அவளுக்கு. மொத பெஞ்சுல இருந்த பிள்ள கெட்டிக்காரி, எந்திரிச்சு, "இசக்கிதான் பயந்துபோய்த் திருப்பிப் போட்டிருப்பா டீச்சர்"னு சொல்லிச்சு. எல்லாப் பிள்ளையும் ஆமான்னு தலையாட்டுச்சு. டீச்சருக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு.

அப்புறம் செவ்வாக்கெழம. அன்னைக்கும் இசக்கி வரல. டீச்சர் பாடம் நடத்தியே சரிபண்ணிறலாம்னு பாத்தா. ஒரு மஞ்சத் தாள எடுத்தா, சோப்புத் தண்ணி ஒரு சொட்டு விட்டா, செவந்துச்சு. சுண்ணாம்புத் தண்ணி ஒரு சொட்டு விட்டா, அதுவும் செவந்துச்சு. "பாத்தியளா, சோப்பு பட்டாலும் செவக்கும், சுண்ணாம்பு பட்டாலும் செவக்கும்"னா. புரிஞ்சுக்கிடும்னு நெனச்சா. ஒரு பய கையத் தூக்குனான். "அப்போ இந்தத் தாளு சோப்பக் காட்டும், சுண்ணாம்பக் காட்டும், திருடனையும் காட்டும், அப்பிடித்தான டீச்சர்?" நோட்டுலயும் அப்பிடியே எழுதிவச்சுக்கிட்டான் பாவி. டீச்சர் தலையக் குனிஞ்சுக்கிட்டா.

அன்னைக்குச் சாயங்காலம் அவ காளவாசலுக்கு நடந்து போனா. சேலையெல்லாம் வெள்ளத் தூசி. சொடலமுத்து அவளப் பாத்ததும் தலைத்துண்ட அவுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு ஓடி வாரான். இவ வாயத் தொறக்குறதுக்கு முந்தியே கையெடுத்துக் கும்பிடுதான். "மன்னிச்சிருங்க டீச்சர். தாயில்லாப் பிள்ளன்னு செல்லங்குடுத்துட்டேன். கேள்விப்பட்டதும் வெளுத்துட்டேன். இனிமே அடுத்தவ பொருளத் தொடமாட்டா."

ஏட்டி, அவன் அவட்ட மன்னிப்புக் கேக்கான். நெனச்சுப் பாரு. காளவாசல்ல அம்புட்டுச் சூடு, அவளுக்குக் கையும் காலும் சில்லிட்டுப் போச்சு.

"பிள்ள எங்க"ன்னு கேட்டா.

பிள்ள வீட்டுக்குப் பின்னால, தண்ணித் தொட்டிப் பக்கத்துல குத்தவச்சிருக்கு. முன்னால ஒரு சோப்புக்கட்டி. நோட்டுல கிழிச்ச தாளு அஞ்சாறு, எல்லாத்துலயும் சமையல் மஞ்சத்தூளத் தடவிக் காயவச்சிருக்கு. சரக்கு சரக்குன்னு கையத் தேய்க்கா. தேய்ச்சுட்டு, ஒரு தாள்ல கைய வைக்கா. செவக்குது. திரும்பவும் சரக்கு சரக்குன்னு தேய்க்கா. இன்னொரு தாள்ல வைக்கா. இன்னும் நல்லாச் செவக்குது. கைத்தோலெல்லாம் உரிஞ்சு கெடக்கு.

டீச்சர் நிக்கதப் பாத்துட்டு அது எந்திரிச்சு நின்னுச்சு. "கழுவக் கழுவ இன்னும் செவக்குது டீச்சர்"னு சொல்லிச்சு. அப்புறம் ரொம்ப மெதுவாச் சொல்லிச்சு. "நான் எப்போ எடுத்தேன்னு எனக்கு ஞாபகமே வரமாட்டேங்கு."

ம். ஆமா. அவளே நம்பிட்டா. டீச்சர் தாளுக்குப் பொய் சொல்லத் தெரியாதுல்லா.

அங்கனயே சொல்லிருக்கலாம்லா? நீயா இருந்தா சொல்லிருப்ப. அவ சொல்லல. சோப்ப எடுத்து அந்தப் பக்கம் வச்சா, பிள்ள கையத் தன் முந்தானையால ஒத்தி எடுத்தா. "நாளைக்கு இவளக் கூட்டிக்கிட்டு நீங்களும் பள்ளிக்கூடத்துக்கு வாங்கண்ணே"ன்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டா. வழியெல்லாம் தன்னயே திட்டிக்கிட்டு வந்தா, நீயெல்லாம் ஒரு டீச்சரான்னு. நல்லாத் திட்டட்டும்.

அப்புறம் புதன்கெழம. சொடலமுத்து பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்தான். உள்ள வரமாட்டேன்னுட்டான், தூசியா இருக்கேன் டீச்சர்னு, வாசலுக்கு வெளிய, சன்னலுக்கு அந்தாண்ட நின்னுக்கிட்டான். இசக்கி உள்ள வந்து, யாரு பக்கத்துலயும் உக்காராம, சொவரோட ஒட்டி நின்னுச்சு. கை ரெண்டையும் பாவாடைக்குள்ள சுருட்டி வச்சிருக்கு.

டீச்சர் அன்னைக்கு மேசைல ஒண்ணும் வைக்கல. தம்ளர் இல்ல, தாள் இல்ல. பிள்ளைங்க முன்னால நின்னா. நாப்பது பிள்ளைங்கதான, எட்டு வயசுப் பிள்ளைங்க, ஆனா அவ்வளவு பயம் அவ பரீட்சைக்குக் கூடப் பட்டதில்ல.

"பிள்ளைகளா, திருடனக் கண்டுபிடிக்கிற தாளுன்னு ஒண்ணு உலகத்துலயே கெடையாது. நான் சொன்னது பொய்"யின்னா.

சொல்லிட்டு இசக்கி பக்கம் திரும்புனா.

"பலூன ஒருத்தரும் எடுக்கல. என் கூடைலதான் இருந்துச்சு, நானே வச்சுட்டு நானே மறந்துட்டேன். இசக்கி கை செவந்தது சுண்ணாம்பால. அவ அப்பாவுக்கு ஒத்தாச பண்ணுன கை அது. அது அப்பவே எனக்குத் தெரியும்."

அந்த நோட்டுல எழுதுன பய எந்திரிச்சான். "அப்பவேவா டீச்சர்?"

"அப்பவே."

"அப்போ ஏன் சொல்லல?"

டீச்சர் அழுதுட்டா. மறைக்கல, அழுதுக்கிட்டே சொன்னா. "நீங்கல்லாம் என்னப் பாத்துச் சிரிப்பியன்னு வெக்கம். எனக்கு வரவேண்டிய வெக்கத்த இந்தப் பிள்ள தலைல எறக்கிவச்சுட்டேன். நான் செஞ்சது தப்பு. இசக்கி, என்ன மன்னிச்சிருத்தா."

அவ நெனச்ச மாதிரி ஒருத்தரும் சிரிக்கல. மொத பெஞ்சுக் கெட்டிக்காரி மட்டும் மொகத்தக் கையால மூடிக்கிட்டா. இசக்கி சொவத்துல இருந்து ஒரு அடி முன்னால வந்துச்சு.

"அப்போ நான் எடுக்கல தான டீச்சர்?"

"நீ எடுக்கலம்மா."

இசக்கி சன்னலத் திரும்பிப் பாத்துச்சு. சொடலமுத்து அங்க நிக்கான், காளவாசல் சத்தத்துலயே கெடந்து கெடந்து அவனுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"சத்தமாச் சொல்லுங்க டீச்சர். எங்கப்பாவுக்குக் கேக்கணும்."

டீச்சர் சன்னல் பக்கம் போனா. கம்பியப் புடிச்சுக்கிட்டு, தெருவுல போறவங்கல்லாம் நின்னு பாக்குற மாதிரி, தொண்டை கிழியச் சொன்னா. "அண்ணே, ஒங்க பிள்ள எடுக்கல. நான்தான் பொய் சொன்னேன்."

சொடலமுத்துக்குக் கேட்டுட்டு. துண்டால வாயப் பொத்திக்கிட்டு, தன் வலதுகையப் பாத்துக்கிட்டே நின்னான், பிள்ளைய அடிச்ச கைய.

அம்புட்டுதான் கதை. அந்தப் பொய் அந்த ஊரோட போச்சு, நம்ம வீட்டுக்கு வராது. ம் கொட்டுனது போதும், கண்ண மூடிக்கோ, தூங்கு.