வர முடியாத சாலை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாட்டு ராஜா என்று என்னைக் குடையாதீர்கள். அவர் சபையில் விகடகவியாக இருந்தவன் செவந்தியப்பன். அவனுடைய அக்கா பேச்சாயியை மலைக்கு அந்தப் பக்கம், பக்கத்து நாட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நடுவில் கணவாய் ஒன்று உண்டு. அது பாறை அடைத்துக் கிடந்தது. காட்டுவழியாகச் சுற்றி நடந்தால் பன்னிரண்டு நாள்.

அக்கா படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று ஒரு வியாபாரி வந்து சொன்னான். செவந்தியப்பன் சபைக்கு ஓடினான்.

"மகாராஜா, கணவாயில் சாலை போட்டால் அரை நாளில் பக்கத்து நாடு. நமக்கு உப்பு மலிவாகும், அவர்களுக்கு நெல் மலிவாகும்" என்றான். அக்காவைப் பற்றி மூச்சு விடவில்லை. சிரிக்க வைக்கிறவன் அழுது கேட்பதா என்ற வீறாப்பு. பாவி மனுஷன்!

தளபதி வீரகண்டனுக்கு இவனைக் கண்டாலே ஆகாது. "அரசே, நாம் போகிற வழியில் எதிரியும் வருவானே! நம்மவர் போகலாம், அங்கிருந்து ஒருவரும் வரக்கூடாது. அப்படியொரு சாலையை இந்தக் கெட்டிக்காரர் போடட்டுமே" என்று பற்றவைத்தான்.

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "ஒரு மாதம் தருகிறேன். முடியாவிட்டால், செவந்தியப்பா, நீர் இந்தச் சபைப் பக்கமே வரவேண்டாம்" என்றார்.

செவந்தியப்பன் பாறையை உடைத்துச் சாலை போட்டான். எல்லையில் பெரிய கதவு ஒன்றை நிறுத்தினான். "போகிறவர்களுக்குத் திறங்கள். அங்கிருந்து யார் வந்தாலும் திறக்காதீர்கள்" என்று காவலர்களிடம் சொல்லிவைத்தான்.

திறப்பு நாளன்று தளபதி மீசையை முறுக்கிக்கொண்டு முதல் ஆளாகக் குதிரையில் அந்தப் பக்கம் போனான். திரும்பி வந்தால் கதவு சாத்தியிருந்தது. கத்தினான், கெஞ்சினான், ஒன்றும் நடக்கவில்லை. செவந்தியப்பன் அன்றைக்கே வண்டி ஏறியிருக்கலாம். இந்த வேடிக்கையை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று இருந்துவிட்டான்.

மூன்றாம் நாள் ராஜா கூப்பிட்டு விசாரித்தார்.

"அங்கிருந்து ஒருவரும் வரக்கூடாது என்பது தங்கள் ஆணை. தளபதியார் அங்கிருந்துதானே வருகிறார், மகாராஜா?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கதவைப் பெயர்த்து எறியுங்கள்! போகிறவர் போகட்டும், வருகிறவர் வரட்டும்!" என்றார். தன் கைக் காப்பைக் கழற்றி அவனுக்குப் போட்டார். அரண்மனைக் குதிரைவண்டியையும் கொடுத்தார்.

செவந்தியப்பன் வண்டியை விரட்டினான். எல்லையில் அக்கா புருஷன் பொன்னாண்டி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அத்தான், அக்கா எப்படி இருக்கா?"

"நேத்து சாயங்காலம் போயிட்டா, மச்சான். உங்கிட்டச் சொல்லத்தான் வந்தேன்."

செவந்தியப்பன் வண்டியிலிருந்து இறங்கினான். கதவைச் சாத்தாமல் இருந்திருக்கலாமே, இல்லை, முதலிலேயே காட்டுவழியாக நடந்திருக்கலாமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"முந்தாநாளே உன்னைக் கூட்டிட்டுப் போகலாம்னு வண்டி கட்டிட்டு வந்தேன். கதவைத் திறக்க மாட்டேன்னுட்டாங்க. நான் திரும்பிப் போனதும், தம்பி எங்கேன்னு கேட்டா. ராஜா கதவைச் சாத்திட்டார்னு சொன்னேன்" என்றார் பொன்னாண்டி. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சாத்தினது நீதான்னு காவக்காரங்க சொன்னாங்க. அதை மட்டும் நான் அவகிட்டச் சொல்லலை, மச்சான்."

செவந்தியப்பன் அந்தப் புதுச் சாலையிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அரண்மனையில் ராஜா ராணியிடம் கதவுக் கதையைச் சொல்லி மறுபடியும் சிரித்துக்கொண்டிருந்தார்.