படிக்கம் ஏந்திய வகுளம்மை

மருதங்குறிச்சி அரண்மனையில் படிக்கம் ஏந்தும் பணியில் இருந்தார் வகுளம்மை. படிக்கம் என்றால் வேறொன்றுமில்லை, வெற்றிலைச் சாற்றைத் துப்பும் பித்தளைப் பாத்திரம். ராணி குமுதவல்லியின் வாயிலிருந்து இரண்டுதான் வரும்: ஒன்று வசவு, மற்றொன்று வெற்றிலைச் சாறு. வசவை ஊரே வாங்கிக்கொண்டது. சாற்றை வாங்கத்தான் தனியாக ஓர் ஆள் வேண்டியிருந்தது. பெரிய இடம் அல்லவா.

அம்மையார் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. விடியலில் அந்தப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கும்போது, "பெருமாளே, உனக்கென்று நினைத்துத்தான் ஏந்துகிறேன்" என்று சொல்லிக்கொள்வார்.

மற்ற தோழிமாருக்கு இது வேடிக்கை. வெற்றிலை மடித்துக் கொடுக்கும் மஞ்சுளை தன்னைப் பாதி ராணியாகவே எண்ணிக்கொண்டிருந்தவள். "எச்சில்காரி வருகிறாள், தள்ளி நில்லுங்கடி" என்று சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வாள். அந்த எச்சில் யாருடையது என்று யோசிக்கும் அளவுக்கு அந்தத் தலையில் சரக்கு இல்லை.

ராணி நாள்தோறும் பெருமாள் கோயிலுக்குப் போவாள். கவரி வீசுபவள் உள்ளே போகலாம், மஞ்சுளை போகலாம். படிக்கம் ஏந்தியவர் மட்டும் கோபுர வாசலோடு நின்றுவிட வேண்டும். இப்படி நின்றே தலை நரைத்தது. பெருமாள் முகத்தை அவர் ஒருமுறைகூடக் கண்டதில்லை. இப்போது கண்ணில் புரை வேறு விழுந்துவிட்டது. பார்வை போவதற்குள் ஒரு தடவை பார்த்துவிட மாட்டோமா என்று தவித்தார். வாய்விட்டுக் கேட்டும் பார்த்தார்.

"ஒரே ஒரு தடவை, தாயே. பாத்திரத்தை வெளியே வைத்துவிட்டு வருகிறேன்."

"உன்னைக் கண்டால் பெருமாள் தலைமுழுக வேண்டியிருக்கும்" என்றாள் ராணி. மஞ்சுளை விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பதும் அவள் உத்தியோகத்தில் சேர்த்திதான்.

திருநாள் வந்தது. ராணி பொன்தட்டில் வெற்றிலை வைத்துப் பெருமாளுக்குப் படைத்தாள். கொடுப்பது ஊருக்குத் தெரிய வேண்டுமே, அதற்கு மேளதாளம். அர்ச்சகர் திரை போட்டு நிவேதனம் செய்து, திரையை விலக்கினார். பெருமாளின் வெண்பட்டில் வெற்றிலைச் சாறு செக்கச்செவேலென்று வழிந்திருந்தது.

கருவறையிலிருந்து குரல் கேட்டது.

"வெற்றிலை கொடுத்தீர்கள், மென்றேன். நான் எங்கே துப்புவது? ஏந்துகிறவளை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறீர்களே."

ராணி வாசலுக்கு ஓடினாள். அம்மையார் கையிலிருந்த படிக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு, "நானே ஏந்துகிறேன், சுவாமி" என்று திரும்பி ஓடி வந்தாள். துப்பித்தான் பழக்கமே தவிர, பிடித்துப் பழக்கம் ஏது? பாத்திரம் சாய்ந்து, காலையில் அவள் துப்பியதெல்லாம் அவள் பட்டுச்சேலையிலேயே கொட்டியது.

"பாத்திரம் வேண்டாம்" என்றது குரல். "வகுளத்தின் கை போதும்."

அம்மையார் தடவித் தடவி உள்ளே வந்தார். பெருமாளின் திருவாய்க்குக் கீழே இரு கைகளையும் குவித்து ஏந்தி நிமிர்ந்தார். கண்ணில் இருந்த புரை விலகியது. ஆசை தீர முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுதார். குவித்த கையில் தாம்பூலப் பிரசாதம் விழுந்தது.

ராணியும் எட்டிப் பார்த்தாள். அர்ச்சகர் கைகூப்பி, "சேலையெல்லாம் எச்சில், அம்மா. வாசலில் நில்லுங்கள்" என்றார்.

முகம் சுளிக்காத வகுளம்மையின் கைகளை நாமும் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.