பேசாத பந்து

அருமைநாயகம் கேள்வி கேட்க வந்தது உச்சி வெயிலில். அதுவே தப்பு. அந்த ஊரில் பன்னிரண்டு மணிக்கு யாரும் மைதானத்தில் இறங்கமாட்டார்கள்.

மைதானம் என்றதும் புல் கில் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு காலத்தில் அது உப்பளம். பாத்திகளைத் தூர்த்து, உருளை ஓட்டி இறுக்கி, இரண்டு பக்கமும் கோல் கம்பம் நட்டிருக்கிறார்கள். எத்தனை தரம் பெருக்கினாலும் தரையில் உப்பு பூத்துக்கொண்டே இருக்கும். நடுப்பகலில் அந்த வெள்ளையில் கம்பத்துக்கு நிழல்கூட விழாது. அந்த நேரத்தில் நான் அந்தப் பக்கமே போகமாட்டேன், சொல்லிவிடுகிறேன்.

கம்பத்தடியில் மெற்றில்டா முதுகு காட்டி உட்கார்ந்து வலையை முடிந்துகொண்டிருந்தாள்.

"கீப்பர்!"

அவள் திரும்பவில்லை.

"கீப்பர்!"

கை வேலையில்தான் இருந்தது.

"கீப்பர், நான்தான்!"

"வாங்க அண்ணாச்சி" என்று அப்போதுதான் திரும்பினாள்.

அந்தக் கரையில் அது வழக்கம். உச்சி நேரத்தில் யாராவது கூப்பிட்டால் உடனே 'என்ன' என்று கேட்டுவிடக் கூடாது. காத்து கருப்பு ஒரு தடவை கூப்பிடும், மிஞ்சினால் இரண்டு தடவை. மூன்றாவது தடவை கூப்பிட்டால் அது மனுசக் குரல். மாடி வீட்டில் இருப்பவர்களும் இதைப் பார்ப்பார்கள், குடிசையில் இருப்பவர்களும் பார்ப்பார்கள்.

மெற்றில்டாவுக்கு நாற்பத்தொரு வயது. மாவட்டப் பெண்கள் அணிக்குக் கோல்கீப்பராக இருந்தவள். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பந்து அவளுடைய இடது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே இருப்பது கண்ணாடிக் கண். அது சிமிட்டாது. அவள் பேசும்போது எந்தக் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தடுமாற்றம்தான். காலையில் அவள் கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். ஊருக்கே அவள் 'கீப்பர்'.

அருமைநாயகம் அவளைவிடப் பதினேழு வயது மூத்தவர். எட்டு மாதமாக அவளிடம் சீடர். தாவப் படிக்கவில்லை, அந்த வயதில் தாவினால் இடுப்பு அங்கேயே கிடக்கும். கேட்கப் படிக்கிறார். வலைக்குப் பின்னால் கண்ணை மூடி உட்கார்ந்து, பந்து வருகிற சத்தத்தைக் கேட்க வேண்டும். பந்தின் தையல் காற்றை உரசிக்கொண்டு வரும்போது ஒரு முனகல் உண்டாம். கண் போனபிறகு மெற்றில்டா அதை வைத்துத்தான் பந்து திரும்பும் பக்கத்தைச் சொன்னாள். "பந்து பேசுது" என்பார்கள் அவளிடம் படித்தவர்கள்.

அவர் சேர வந்த அன்று அவள் ஒரு பழைய வெள்ளைப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இந்தப் பந்தை யாரு செஞ்சது, தெரியுமா?"

"தெரியாதே கீப்பர். எனக்குத் தோல் மண்டி ஜோலி" என்றார்.

பச்சைப் பொய். அவர் பந்துக் கம்பெனியில் முப்பது வருஷமாக வரைபடம் போடுகிறவர். அவள் கையில் இருந்த பந்தை வரைந்தவரே அவர்தான். அவளுடைய கண்ணைக் கொண்டுபோன பந்து அது. அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தார்.

இன்றைக்குப் பையிலிருந்து இரண்டு பந்தை எடுத்து உப்புத் தரையில் வைத்தார். ஒன்று வெள்ளை, புதுசு. கோடு இல்லை, தையல் இல்லை, எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று தெரியாத உருண்டை. மற்றது பழுப்புத் தோல். இரண்டு பக்கமும் கூம்பி, நடுவில் செருப்புக்குக் கட்டுகிற மாதிரி லேஸ்.

"இது என்ன, பந்தைப் பெத்த பிறகு அமுக்கிட்டாங்களா?"

"அமெரிக்கா பந்து, கீப்பர். அங்க இதைக் கையில தூக்கிக்கிட்டு ஓடுவாங்க. அதுக்கும் பேரு ஃபுட்பால்தான்."

"கையில தூக்கிட்டு ஓடினா காலுக்கு என்ன வேலை?"

"ஓடுறதுக்கு."

அவள் சிரித்தாள். கண்ணாடிக் கண் சிரிக்கவில்லை.

"எனக்கு ஒரு கூட்டாளி" என்று ஆரம்பித்தார் அருமைநாயகம். "பந்துக் கம்பெனியில இருக்கான். நாளைக்கு அவன் ஒரு கையெழுத்துப் போடணும். போட்டா இந்த வெள்ளைப் பந்து மாவட்டத்துல உள்ள எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போகும். அவனுக்கு மனசு இடிக்குது."

அப்படி ஒரு கூட்டாளி கிடையாது. கையெழுத்து அவருடையது. வெள்ளைப் பந்தும் அவருடையதே.

"கூட்டாளிக்கு என்ன கேக்கணுமாம்?"

"இந்தத் தோல் பந்தை அமெரிக்காக்காரன் ரொம்ப காலமா பெருசா மாத்தல. அதே நாலு துண்டு, அதே லேஸ். நம்ம பந்தை மாத்திக்கிட்டே இருக்கோம். நமக்கும் ஒரு காலத்துல லேஸ் இருந்துச்சு. தலையில முட்டினா நெத்தி கிழியும். எடுத்தாங்க, யாரும் அழல. முப்பத்திரண்டு துண்டு இருந்தது, பதினாலாச்சு, எட்டாச்சு, ஆறாச்சு. இப்போ துண்டே இல்ல. மழையில தண்ணி குடிக்காது. வருஷம் ஓடினாலும் உருண்டை கெடாது."

"கீப்பர் யாரும் கத்தலையா?"

"ஒவ்வொரு தடவையும் கத்துவாங்க. ஒரு மாசத்துல பழகிடுவாங்க."

"பழகாதவங்க?"

அவர் இரண்டு பந்தையும் காட்டினார்.

"மாத்தினது சரியா, மாத்தாதது சரியா? அதுதான் கேள்வி, கீப்பர்."

மெற்றில்டா எழுந்தாள். தோல் பந்தை எடுத்துத் தரையில் போட்டாள். அது இடப்பக்கம் துள்ளி ஓடியது. எடுத்து வந்து மறுபடி போட்டாள். அவள் காலுக்கே திரும்பி வந்து முட்டியது.

"அடுத்த தடவை எங்க போகும்?"

"தெரியாது."

"பாத்தாலே தெரியுதுல்லா?"

"என்னது?"

"தெரியாதுங்கிறது. நான் கோணக்காரன்னு மூஞ்சியிலேயே எழுதி வச்சிருக்கு, பாவம்."

வெள்ளைப் பந்தைத் தொடாமல் காட்டினாள்.

"இது எங்க போகும்?"

"நேரா."

"யாரு சொன்னா?"

"உருண்டையா இருக்கே, கீப்பர்."

"ம்" என்றாள் அவள். "அடிங்க."

அருமைநாயகம் இருபது அடி தள்ளிப் பந்தை வைத்தார். மெற்றில்டா கம்பங்களுக்கு நடுவே போய் நின்றாள். கம்பத்தின் உச்சியில் கட்டியிருந்த சிவப்புத் துணி அசையவில்லை. ஒரு பொட்டுக் காற்று இல்லை.

அடித்தார். காலில் பட்ட சத்தம் கேட்டது. அவ்வளவுதான். எட்டு மாதமாக அவர் கேட்டுப் பழகிய முனகல் இல்லை. பந்து நேராகப் போனது. பாதி வழியில் யோசிக்கிற மாதிரி ஒரு கணம் தயங்கியது. பிறகு அவளுடைய குருட்டுப் பக்கம் சாய்ந்து உள்ளே போனது.

சாய்வதற்குக் கணக்கு உண்டு. வழவழப்பான பந்து சுற்றாமல் போனால் அப்படி அலையும். அந்தக் கணக்கை அவரே போட்டு, அடியில் கோடும் இழுத்திருக்கிறார்.

ஆனால் வலையில் விழுந்த பந்து வெளியே உருண்டு வந்தது. மெற்றில்டாவைச் சுற்றிக்கொண்டு, அவசரமே இல்லாமல் உருண்டு, அவருடைய செருப்பருகே வந்து நின்றது. அதற்கு அவரிடம் கணக்கு இல்லை.

"மறுபடி அடிங்க."

அடித்தார். அதே தயக்கம், அதே சாய்வு. அதேபோல் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது.

அருமைநாயகம் மண்டியிட்டுக் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். சரிவு இருக்கிறதா என்று. உப்பளத் தரை, தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கமும் ஓடாமல் நிற்கும். எழுந்தபோது கன்னத்தில் உப்பு ஒட்டியிருந்தது. ஆண்டவரே என்று முனகினார்.

"உங்களைத் தெரிஞ்சு வச்சிருக்கு" என்றாள் மெற்றில்டா.

"சும்மா இருங்க கீப்பர். பயமா இருக்கு."

"பயந்தா நல்லதுதான். இங்க வாங்க. நீங்க நில்லுங்க, நான் அடிக்கேன்."

"நானா?"

"கண்ணை மூடிக்கிடுங்க. எட்டு மாசம் படிச்சிருக்கீங்கல்லா, கேளுங்க."

அவர் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றார். கையை முகத்துக்கு முன்னால் கொண்டுபோனார்.

"கையை இறக்குங்க. நான் நின்ன மாதிரி நில்லுங்க."

இறக்கினார். கண்ணை மூடினார். இமைக்குள்ளும் வெள்ளையாகவே இருந்தது.

அவள் உதைத்த சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அவர் காத்து நின்றார். இடப்பக்கமா, வலப்பக்கமா? முனகல் இல்லை. முகத்துக்கா? வருகிறதா, வந்துவிட்டதா? காதுக்குள் தன் ரத்தம் அடிப்பதுதான் கேட்டது. பந்து எங்கேயும் விழவில்லை. வலை அசையவில்லை. கம்பத்தில் படவில்லை. வியர்வை கண்ணோரம் இறங்கி எரிந்தது. துடைக்கப் பயம். அவருக்குத் தெரியாமலே உதடு அசைய ஆரம்பித்தது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

"எண்ணாதீங்க" என்றாள் மெற்றில்டா.

அவள் குரல் இருபது அடி தள்ளியிருந்து வரவில்லை. காதோரத்திலிருந்து வந்தது. அவள் நடந்து வந்ததும் அவருக்குக் கேட்கவில்லை.

"இந்தப் பந்தை யாரு செஞ்சது?"

அருமைநாயகம் கூட்டாளி என்று சொல்ல வாயெடுத்தார். வந்தது வேறு.

"நான்தான்."

"ம்."

"இதுவும் நான்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால உள்ளதும் நான்தான், கீப்பர். உங்க கண்ணு..."

அதற்கு மேல் முடியவில்லை. ஐம்பத்தெட்டு வயது மனுசன், கண்ணைத் திறக்காமலே அழுதார்.

"திறங்க" என்றாள்.

திறந்தார். பந்து அவருடைய இரண்டு பாதத்துக்கும் நடுவே இருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. தொடாமல் ஒட்டி நின்றது. அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். இந்தத் தடவை அது கூட வரவில்லை.

"நாளைக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார். "வேலை போனாலும் போகட்டும்."

"அது உங்க பாடு. நான் அதைக் கேக்கல."

மெற்றில்டா குனிந்து தோல் பந்தை எடுத்து, உப்பைத் தட்டி, அவருடைய பையில் போட்டாள். வெள்ளைப் பந்தை அவரே எடுக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அவர் எடுத்தார். வெயிலில் கிடந்த பொருள் சுட வேண்டும். அது குளிர்ந்திருந்தது.

"உங்களுக்கு எப்போ தெரியும், கீப்பர்?"

"நீங்க சேர வந்த அன்னைக்கே."

"எப்படி?"

"குரல்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால, பந்தைச் சோதிக்கணும்னு என்னை நிக்கவச்சு அடிச்சாங்க. கட்டியிருந்த கயித்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் ஒவ்வொரு அடியா எண்ணிக்கிட்டே இருந்தார். நான் முகத்தைப் பொத்திக்கிட்டுத் தரையில கிடந்து கேட்டேன், இந்தப் பந்தை யாரு செஞ்சதுன்னு. ஒருத்தரும் வாயைத் திறக்கல. அந்த ஆள் மட்டும் பக்கத்துல நின்னவன்கிட்ட சொன்னார், 'முப்பத்திரண்டு, எழுதிக்கோ'ன்னு."

 அந்த வார்த்தையைச் சொன்னது அருமைநாயகத்துக்கே மறந்துபோயிருந்தது. இப்போது அந்தக் குரல் அவருடைய காதில் தெளிவாகக் கேட்டது. அவருடைய குரல்தான்.

"எட்டு மாசமா தெரிஞ்சும் எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்களா? ஏன் அன்னைக்கே முகத்துக்கு நேரா சொல்லல?"

மெற்றில்டா வலையில் விட்ட முடிச்சைத் தேடி எடுத்தாள்.

"அன்னைக்கு நான் ரெண்டு தடவைதான கேட்டிருந்தேன், அண்ணாச்சி."